கியர்பாக்ஸ் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

இடுப்பில் சாரம் (சிலருக்குக் கைலி) கட்டிக்கொண்டு செய்யக் கூடாத வேலைகள் உலகத்தில் சில உண்டு. ஏணியில் ஏறுவது ஒன்று. கியர்பாக்ஸ் மாற்றுவது இன்னொன்று. யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை என்று தப்பிக்க முடியாது. மனைவி சாந்தி சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டுக் கார்க் கொட்டகையில் ஒரு கிழட்டு ஃபோர்வீல் டிரைவ் நின்றது. மலை, மணல், ஆறு எல்லாம் தாண்டும் என்று சொல்லி வாங்கினேன். அது கடைசியாகத் தாண்டியது எங்கள் தெருமுனை வேகத்தடையை. அத்தோடு கியர்பாக்ஸ் கையை விரித்துவிட்டது. மெக்கானிக்கிடம் கொடுப்போம் என்றாள் சாந்தி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கணக்காளன் ஸ்பானரைத் தொடக் கூடாது என்று சட்டமா? வீடியோவில் ஒரு தாடிக்காரன் விசிலடித்துக்கொண்டே கழற்றிப் பூட்டிக் காட்டினான். பழையதைக் கழற்றினேன். (கழற்றுவது எப்போதும் சுகம்தான்.) பூட்டுவதற்கு வாங்கி வந்த கியர்பாக்ஸ் வாரக்கணக்கில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது.

அப்போதுதான் மகள் மதுரா, தான் விரும்பும் ஆதவனின் அப்பா அம்மா எங்களைப் பார்க்க வருகிறார்கள் என்றாள். மலேசியத் தமிழர்கள், மெல்பேர்னில் மல்கிரேவ்வாசிகள்; எங்கள் ஊருக்கு ஒரு பகல் கார்ப் பயணம்.

"அப்பா, ப்ளீஸ். அண்டைக்கு மட்டும் நோர்மலா இருங்கோ."

நீதிமன்றத்தில் வெளுத்துக்கட்டும் சட்டத்தரணி அவள். அந்தக் குரல் நடுங்கியது. சாந்திக்கு நடுக்கமெல்லாம் கிடையாது.

"ஞாயிறு நாலு மணிக்கு வருவினம். அதுக்குள்ள இந்தச் சனியன் உருண்டு வெளியில போகவேணும். இல்லாட்டி நீங்களும் அதோட போகலாம். சொல்லிப்போட்டன்!"

தமிழர் சொல்லும் நாலு மணி என்றால் ஆறு மணி. எத்தனை கலியாண வீடு பார்த்தவன் நான்! ஞாயிறு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டு, பழைய நீலக்கட்டச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தேன்.

ஜாக்கியில் தூக்கிய கியர்பாக்ஸ் இஞ்சினோடு சேர மாட்டேன் என்று அடம்பிடித்தது. கெஞ்சினேன், திட்டினேன், பிள்ளையாரைக் கூப்பிட்டேன். கடைசியில் இரண்டும் பொருந்துகிற இடத்திலிருந்த எண்ணெயைச் சாரத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தபோது, டக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. ஐயோ, அந்தச் சந்தோஷம்! திரும்பவும் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் எல்லா போல்ட்டையும் மூச்சுவிடாமல் இறுக்கி, ஸ்பானரைத் தூக்கி வெளியே எறிந்தேன். பிறகு நகரப் பார்த்தேன். நான் நகர்ந்தேன், சாரம் நகரவில்லை.

தலைப்பு உள்ளே மாட்டியிருந்தது. வெளியே ஒரு கார் வந்து நின்றது.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். இவர்களெல்லாம் என்ன தமிழர்கள்? இரண்டு ஜோடிக் கால்கள் என் ஸ்பானருக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"வாங்கோ, வாங்கோ!" என்றேன் கீழேயிருந்து.

கால்கள் துள்ளிப் பின்வாங்கின. ஒரு மீசை தலைகீழாக எட்டிப் பார்த்தது.

"மதுரா அப்பாவா?"

"ஓம். உள்ளுக்குப் போய் இருங்கோ. இப்ப வாறன்."

"வீட்டுக்காரர் இல்லாம எப்படி? நீங்க வாங்க, சேர்ந்தே போவோம்."

மரியாதை தெரிந்த மனிதர், அசையவில்லை. சாந்தி தேநீர்த் தட்டோடு ஓடிவந்து அப்படியே நின்றாள். மதுரா, "டாட், கம் அவுட்!" என்றாள் அழுகிற குரலில். பிள்ளையின் கலியாணம் என்னால்தான் குழம்பப்போகிறது என்று நினைத்தேன். சாரத்தை விட்டுவிட்டு வெளியே வரலாம். ஆனால் சாரத்துக்கு உள்ளே இருந்ததன் எலாஸ்டிக், சாரத்தை நம்பியே வாழ்ந்துகொண்டிருந்தது.

மீசையை அருகே கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

"அண்ணை, சாரம் கியர்பாக்ஸுக்குள்ள மாட்டுப்பட்டுப் போச்சு."

"முழுசாவா?"

"தலைப்புத்தான். ஆனா கழட்டினா இரவாகும், வெட்டினா மிச்சம் மறைக்கக் காணாது."

அவர் எழுந்து போனார். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போகிறார்கள், எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கால்கள் திரும்பி வந்தன. மடிப்புக் கலையாத ஒரு கைலி வண்டிக்கடியில் நீண்டது.

"இந்தாங்க, பினாங்குல வாங்குனது. ராத்திரி கட்டலாம்னு எடுத்தாந்தேன். மெதுவா மாத்துங்க லா," என்று மலேசியப் பாணியில் இழுத்தார். பிறகு சத்தமாக, "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!"

எல்லோரும் பக்கத்து வேலியைப் பார்த்து நின்றார்கள். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அயல்வீட்டுப் பெண்மணி, தன் ரோஜாவைத்தான் பார்க்கிறார்கள் என்று பெருமையோடு கையசைத்தாள். நான் சாரத்தை விட்டு, கைலிக்குள் புகுந்து, ஊர்ந்து வெளியே வந்தேன். என் கை முழுக்க எண்ணெய். அவர் அதைப் பார்க்காதவர்போல இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மதுரா முதலில் முறைத்தாள். பிறகு ஆதவனின் அம்மா சிரித்த சிரிப்பில் அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

தேநீர் குடிக்கும்போது சாந்தி எங்கள் வழக்கத்தை விளக்கினாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர்தான் பொம்பிளைக்குத் தாலிகட்டுக்கு உடுக்கக் கூறைச்சேலை கொண்டுவாறவை."

ஆதவனின் அப்பா கப்பைக் கீழே வைத்தார். "அப்ப முதல் கூறைய இப்பத்தானே குடுத்தோம்!"

கலியாணம் நன்றாக நடந்தது. வண்டியும் ஓடுகிறது, அடியில், வெட்டியது போக மிஞ்சிய ஒரு நீலக்கட்டத் துண்டு படபடக்க. (கியர்பாக்ஸைத் திரும்ப இறக்கினால்தான் அது வரும். சாந்தி விடமாட்டாள்.) இன்றைக்கும் சம்பந்தி எங்கள் வீட்டு மணியை அடித்ததும், உள்ளே கேட்கும்படி, "சம்பந்தி, கூறை பத்திரமா?" என்றுதான் கத்துவார்.

பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பேன்.