இரண்டு தடவை ஒப்படைத்த கீரி

ஒரு காட்டில் வீடு கேட்டுச் சிங்கத்திடம் போன விலங்குகளெல்லாம் நனைந்தே பாதி கிழடாகிப் போயின. சிங்கம் தூங்கும். எழுந்தால் கொட்டாவி விடும். பிறகு வந்தவரை மேலும் கீழும் அளந்து, அந்த உடம்புக்குத் தோதான இடம் தேடி அலையும். இடம் கிடைக்கும்போது மழைக்காலம் முடிந்திருக்கும்.

அங்கே, நகரத்துக்குப் போய் சி நிரல்மொழி படித்துவிட்டு வந்த நரி ஒன்று இருந்தது. படித்தது கொஞ்சம், அலட்டியது நிறைய.

"மகாராஜா, கணினியில நினைவகத்தை இப்படிச் சில்லறையா கேட்டு வாங்க மாட்டாங்க. முன்கூட்டியே பெரிய துண்டா வாங்கி, சம அளவா வெட்டி வெச்சுக்குவாங்க. கேட்டவனுக்கு ஒண்ணு. வேலை முடிஞ்சா திருப்பிக் கொடுத்துடணும். தெற்கு மலையை என்கிட்ட விட்டுடுங்க. உங்க தூக்கத்துக்கு நான் பொறுப்பு" என்றது நரி.

கடைசி வார்த்தை சிங்கத்துக்குப் பிடித்துவிட்டது.

நரி மலையைக் குடைந்து குகைகள் செய்தது. எல்லாம் கரடி அளவு. எலிக்கும் அதே குகைதான். பாவம், வாசலைத் தேடித் தேடியே இளைத்துப்போனது. யானைக்கும் அதேதான், தும்பிக்கையை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு, "வசதியா இருக்கு" என்று எல்லோரிடமும் சொன்னது.

எந்தக் குகை காலி என்று நரி எங்கும் எழுதி வைக்கவில்லை. காலிக் குகைக்குள் ஒரு குச்சியைப் போட்டு, அதன் முனையை அடுத்த காலிக் குகையைப் பார்த்துத் திருப்பி வைக்கும். அங்கே இருக்கிற குச்சி அதற்கடுத்ததைக் காட்டும். நரி மண்டையில் வைத்துக்கொள்ள வேண்டியது முதல் காலிக் குகை ஒன்றை மட்டும்தான். யாராவது ஒப்படைத்தால் அந்தக் குகைதான் புதிய முதல் குகை. அதற்குள் போடும் குச்சி பழைய முதல் குகையைக் காட்டும். யாருக்காவது முதல் குகையைக் கொடுத்தால், அதிலிருந்த குச்சி காட்டுவதுதான் அடுத்த முதல் குகை.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டைக் கெடுத்தது திருட்டுப்பயல் எவனும் இல்லை. காட்டிலேயே யோக்கியமான கீரி. கதவைச் சாத்தினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ரகம் அது.

கோடை பிறந்ததும் எல்லா விலங்குகளும் குகைகளை ஒப்படைத்துவிட்டன. கூட்டிப் பெருக்கி, மூலையெல்லாம் துடைத்து, கடைசியாக ஒப்படைத்தது கீரி. நரி போய்க் குச்சியை வைத்துவிட்டு வந்தது. ஆனால் சொன்னபோது நரி காதைச் சொறிந்துகொண்டிருந்ததே, சரியாகக் கேட்டிருக்குமா? கீரிக்கு நிலைகொள்ளவில்லை. மறுபடி போய், "நரியண்ணே, குகையை ஒப்படைச்சுட்டேன்" என்றது.

வருவதை வேண்டாம் என்பானேன் என்று நரி கிளம்பியது. அங்கே கிடந்த குச்சியை எடுத்து, முதல் காலிக் குகை எது என்று யோசித்தது. அது நின்றுகொண்டிருந்த அதே குகைதான். சற்று விழித்துவிட்டு, அதே குகையைக் காட்டட்டும் என்று, முனை கீழே பார்க்கும்படி குச்சியைத் தரையில் குத்தி வைத்துவிட்டு வந்தது.

மழை வந்தது. கீரிக்கு அப்போது நிறைமாதம். வரிசையில் முதலாவதாக நின்று பழைய குகையையே வாங்கிக்கொண்டது. கால் நீட்டிப் படுப்பதற்குள் முள்ளம்பன்றி நுழைந்தது.

"என் குகையில நீ என்ன பண்றே?" என்றது முள்ளம்பன்றி.

"இது எனக்குக் கொடுத்தது."

"எனக்கும் இதைத்தான் கொடுத்தாரு."

அதற்குள் கரடி வந்தது. காட்டுப்பன்றி வந்தது. பாம்பு வந்தது. பாம்பும் கீரியும் சண்டை போட்டிருக்கும். ஆனால் சீறுவதற்குத் தலையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், அதற்கு இடமில்லை.

கரடி புரண்டால் தன் வயிறு நசுங்கும் என்று கீரி நடுங்கியது. பிதுங்கி வெளியே வந்து நரியிடம் ஓடியது.

"அண்ணே, பக்கத்துக் குகை காலியா கெடக்கு. குடுத்துடுங்க, பிள்ளைங்க பொழைச்சுக்கும்."

"எந்தக் குச்சி அதைக் காட்டுது?"

"குச்சி காட்டல. என் கண்ணு பார்த்துது."

"கண்ணை நம்பி நிர்வாகம் பண்ண முடியாது கீரியக்கா. குச்சி காட்டாத குகை இல்லாத குகை" என்று சொல்லிவிட்டு நரி அடுத்த ஆளை அதே குகைக்கு அனுப்பியது.

கீரிக்கு வலி எடுத்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்காமல் கொள்ளாமல் பக்கத்துக் குகைக்குள் நுழைந்தது. குட்டிகள் சுகமாகப் பிறந்தன.

சத்தம் கேட்டு நரி வந்து வாசலில் நின்றது. "உள்ளே யாரு?"

கீரிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். "எங்கே உள்ளே? இங்கேதான் குகையே இல்லீங்களே" என்றது.

நரி யோசித்துப் பார்த்தது. "ஆமாம், இல்லை" என்று திரும்பிப் போய்விட்டது.

அன்றே அது சிங்கத்திடம், மலை நிரம்பி வழிகிறது என்று மனுப் போட்டது. சிங்கம் பாதித் தூக்கத்தில் வடக்கு மலையையும் கொடுத்தது. கூட்டம் மொத்தமும் அங்கே குடிபோக, தெற்கு மலையில் கீரிக் குட்டிகள் குகைக்கு ஒன்றாகப் படுத்து வளர்ந்தன.

கோடை வந்ததும் கீரிக்கு மனசு கேட்கவில்லை. குகைகளை ஒப்படைக்கப் போனது. "இல்லாததை எப்படி வாங்குறது? போ போ" என்று நரி விரட்டிவிட்டது. வரிசையில் நின்றிருந்த மற்ற விலங்குகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தன. விசாரித்தன. கீரி ஒன்றையும் மறைக்கவில்லை.

அந்தக் கோடையில் குகை ஒப்படைக்க வந்த விலங்குகள் ஒவ்வொன்றும் இரண்டு தடவை வந்தன. காட்டில் நாணயம் பெருகிவிட்டது என்று நரி சிங்கத்திடம் சொன்னபோது அதன் குரல் தழுதழுத்தது.

நீதி: வாங்கியதை ஒருமுறை திருப்பிக் கொடுத்தால் நல்ல பெயர் கிடைக்கும்; இருமுறை திருப்பிக் கொடுத்தால் மலையே கிடைக்கும்.