ஊற்றியல் துறையின் சராசரி

ஒரு காட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. காடென்றால் ராஜாவும் மந்திரியும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிங்கம் எப்போதோ இயக்குநர் ஆகிவிட்டது. வேட்டையை விட்டுவிட்டுக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. பசித்தால் யாரையாவது இடமாற்றம் செய்யும்.

அந்த நிலையத்தில் ஊற்றியல் துறை என்று ஒன்று. துறை முழுவதற்கும் ஒரே ஆள்தான், ஏகாம்பரம் என்கிற உடும்பு. கோடையில் ஆறு வற்றிப் போனால் மணலுக்கடியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தோண்டினால் ஊற்று வரும் என்பது அதன் ஆராய்ச்சி. பதினோரு வருடமாக ஆற்றுப் படுகையில் மூங்கில் குச்சிகளை நட்டு, காலையும் மாலையும் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று குறித்து வந்தது. நல்லது கெட்டது என்று ஒரு வீட்டுக்கும் போனதில்லை. உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்?

ஏகாம்பரம் காட்டிய இடத்தில்தான் யானை முதல் அணில் வரை கோடையைத் தாண்டின. குடித்தார்கள், குளித்தார்கள், போனார்கள். ஏகாம்பரத்துக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஒரு குச்சியின் கணிப்பு சரியாக வந்தால் அன்றைக்கு முழுக்க வாலை ஆட்டிக்கொண்டே திரியும்.

இப்படி இருக்கையில் இயக்குநர் பக்கத்துக் காட்டு மாநாட்டுக்குப் போய், திரும்பும்போது வைத்தியலிங்கம் என்கிற கொக்கைக் கூட்டிவந்து மதிப்பீட்டு அதிகாரி ஆக்கியது. ஒற்றைக் காலில் நின்று எதையும் எண்ணக்கூடிய கொக்கு. வந்த அன்றே சுற்றறிக்கை போட்டது. இனிமேல் ஒருவரின் ஆராய்ச்சியை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார்களோ, அதுதான் அவருடைய மதிப்பு. மதிப்பு இல்லாதவர் ஆராய்ச்சி செய்யும் இடம் அடுத்த துறைக்குப் போய்விடும்.

எண்ணிப் பார்த்ததில் ஏகாம்பரத்துக்கு ஆறு மேற்கோள். அதில் இரண்டு தானே தன்னைக் காட்டிக்கொண்டது. புல்லியல் துறைத் தலைவி திரிபுரசுந்தரி என்கிற முயலுக்கு ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. முயல்கள் கட்டுரை போடும் முறையே தனி. கல்யாணப் பத்திரிகை அடிப்பது மாதிரி அடிப்பார்கள். மேற்கோள் பட்டியலில் பெரியப்பா பெயர் விட்டுப்போனால் சித்தப்பா வீட்டில் சண்டை வரும். போன வருடம் நீ எனக்கு ஐந்து செய்தாய், இந்த வருடம் நான் உனக்கு ஆறு செய்கிறேன் என்று மொய் எழுதுவதுபோலத் திருப்பிச் செய்வார்கள். வளையில் ஒரு குட்டி பிறந்தால் கண் திறப்பதற்குள் அதுவும் இணை ஆசிரியர்.

ஆற்றுப் படுகையைச் சமன் செய்து புல் விதைக்கப் போவதாகத் திரிபுரசுந்தரி சொல்லிக்கொண்டு திரிவது ஏகாம்பரத்தின் காதில் விழுந்தது. பதினோரு வருடக் குச்சிகளைப் பிடுங்கினால் மறுபடி பதினோரு வருடம் ஆகும். அதுவரை கோடை காத்திருக்காது. நேரே கொக்கிடம் போனது.

"யானைக் கூட்டமே என் ஊத்துலதான் தண்ணி குடிக்குது சார். அது கணக்குல வராதா?"

"குடிச்சதை எங்கயாவது எழுதியிருக்காங்களா?"

"யானை எதுக்கு எழுதணும்?"

"எழுதலைன்னா குடிக்கலைன்னுதான் அர்த்தம்," என்றது கொக்கு.

ஏகாம்பரம் விடவில்லை. புல்லைத் தின்கிறவர்கள் காடு முழுக்க இருக்கிறார்கள், அவர்களே புல்லைப் பற்றி எழுதவும் செய்கிறார்கள். ஊற்றைப் பற்றி எழுத யார் இருக்கிறார்கள்? இரண்டையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம் என்று கேட்டது. கொக்கு கோபப்படும் என்று பார்த்தால் அதன் முகம் மலர்ந்துவிட்டது. அதற்கும் ஒரு சூத்திரம் வைத்திருந்ததாம். அவரவர் மேற்கோளை அவரவர் துறையின் சராசரியால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் வந்தால் இடம் நிலைக்கும். புல்லும் ஊற்றும் சமமாகிவிடும்.

ஏகாம்பரம் கும்பிட்டுவிட்டு வந்தது. கொக்கு கணக்குப் போட்டது. திரிபுரசுந்தரி தன் துறைச் சராசரியை விடக் கொஞ்சம் அதிகம், ஒன்று புள்ளி ஒன்று. ஏகாம்பரத்தின் மேற்கோள் ஆறு, ஒரே ஆள் இருக்கிற துறையின் சராசரியும் ஆறு. வகுத்தால் ஒன்று. ஒன்றுக்கு மேல் இல்லை. அடுத்த கணக்கெடுப்பு வரை கொக்கு தவணை கொடுத்தது.

ஏகாம்பரம் வெறிபிடித்ததுபோல் உழைத்தது. கோடை முழுக்கச் சுடுமணலில் கிடந்து, பாறைக்கு அடியில் ஓடும் நீரோட்டத்தையே கண்டுபிடித்து, தன் வாழ்நாளிலேயே சிறந்த கட்டுரையை எழுதியது. தூரத்துக் காட்டிலிருந்த நான்கு ஆமைகள் அதைப் படித்து மேற்கோள் காட்டின. ஆறு பத்தாயிற்று. சராசரியும் பத்தாயிற்று. மறுபடி ஒன்று.

அன்றைக்கு ஏகாம்பரம் படுகையில் உட்கார்ந்து அழுதது. உடும்பு அழுதால் யாருக்கும் தெரியாது, முகம் எப்போதுமே அப்படித்தான் இருக்கும். எவ்வளவு உயர எழும்பினாலும் தன் தலையே தனக்குக் கூரையாக இடிக்கிறது என்று நினைத்து நினைத்து அழுதது. அழுதுகொண்டே மனசுக்குள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டபோது புத்தி வேறு பக்கம் திரும்பியது. மேலே ஏற வழி இல்லை. கூரையைக் கீழே இறக்கினால் என்ன?

பக்கத்துச் சேற்றில் மாசிலாமணி என்கிற எருமை படுத்திருந்தது. அந்த எருமைக்கு எதிலும் ஒரு பிடிப்பும் கிடையாது. மழை பெய்தாலும் சரி, மதிப்பீடு வந்தாலும் சரி. ஏகாம்பரம் அதனிடம் போய், ஊற்றியல் துறையில் ஆராய்ச்சியாளராகச் சேருகிறாயா என்று கேட்டது. எழுந்திருக்க வேண்டுமா என்று எருமை கேட்டது. வேண்டாம் என்றதும் சேர்ந்துகொண்டது.

எருமைக்கு மேற்கோள் பூஜ்யம். துறைச் சராசரி ஐந்தாக இறங்கியது. பத்தை ஐந்தால் வகுத்தால் இரண்டு. ஒரு மூங்கில் குச்சியைக்கூட இடம் மாற்றாமல் ஏகாம்பரத்தின் மதிப்பு இரட்டிப்பாகிவிட்டது. இடம் தப்பித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்குமா? ஒரு பன்றியையும் ஒரு தவளையையும் சேர்த்துக்கொண்டது. சராசரி இரண்டரை, மதிப்பு நான்கு. காட்டிலேயே முதல் விஞ்ஞானி என்று இயக்குநர் மாலை போட்டது. திரிபுரசுந்தரி வயிறெரிந்து இரண்டு நாள் புல் தின்னவில்லை. ஏகாம்பரம் மாலையோடு ஆற்றுப் படுகைக்குப் போய்க் குச்சிகளைச் சுற்றி ஒரு நடை நடந்து காட்டியது. குச்சிகளுக்கு முன்னால் மட்டும் அதற்கு வெட்கமாக இருந்தது.

விதி என்று ஒன்று இருக்கிறதே. பணியில் நீடிக்க வருடத்துக்கு ஒரு கட்டுரையாவது கொடுக்க வேண்டும் என்று கொக்கு சொல்லிவிட்டது. மாசிலாமணி படுத்தபடியே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தது. ஊற்று தண்ணீரால் வருவதில்லை, எருமை படுப்பதால் வருகிறது என்பது அதன் முடிபு. ஆதாரமாக ஒரே ஒரு வரி: 'நான் படுத்து எழுந்த இடத்தில் எல்லாம் ஈரம் இருக்கிறது.'

ஏகாம்பரம் அதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தது. இவ்வளவு மட்டமாக இருந்தால் ஒரு பிராணி சீண்டாது என்று சந்தோஷமாகப் பரிந்துரைத்துக் கையெழுத்தும் போட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதை உடும்பிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கட்டுரை வெளியான மறுவாரமே காடுகள் கொந்தளித்தன. நீர்நாய் மறுப்பு எழுதியது. யானை, வாழ்நாளில் முதல் தடவையாக, கட்டுரை எழுதியது. எருமை படுக்காத இடத்திலும் ஊற்று வருகிறது என்று ஒரு கூட்டம், எருமை படுத்தும் வரவில்லை என்று இன்னொரு கூட்டம். எருமையை வைத்து உடும்பை இறக்கலாம் என்று மோப்பம் பிடித்த திரிபுரசுந்தரி, குட்டிகளை எல்லாம் உட்கார வைத்து இருநூறு மறுப்புகள் எழுத வைத்தது. ஒவ்வொன்றிலும் மாசிலாமணியின் பெயர்.

"திட்டுறதெல்லாமா மேற்கோள்?" என்று ஏகாம்பரம் கேட்டது.

"பேர் வந்திருக்கா? வந்திருந்தா மேற்கோள்தான்," என்றது கொக்கு.

எருமைக்கு முந்நூற்றுத் தொண்ணூறு. உடும்புக்கு அதே பத்து. பன்றிக்கும் தவளைக்கும் ஒன்றுமில்லை. நான்கு பேருக்கும் சேர்த்துச் சராசரி நூறு. எருமையின் மதிப்பு மூன்று புள்ளி ஒன்பது, ஏகாம்பரத்தின் மதிப்பு பத்தில் ஒரு பங்கு. மாசிலாமணி துறைத் தலைவர் ஆனது. இடம் துறையோடு நிலைத்தது, ஏகாம்பரம்தான் நிலைக்கவில்லை. புல்லியல் துறைக்குப் போய்ப் புல் எண்ண வேண்டும் என்று உத்தரவு வந்தது.

குச்சிகளைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று ஏகாம்பரம் போனபோது, புதுத் தலைவர் மூச்சு வாங்க நடந்து வந்தது. நடந்தே வந்தது.

"அண்ணே, நீங்க போனா நான் மூணுக்கு இறங்கிடுவேனாம். கொக்கு கணக்குப் போட்டுச் சொல்லிருச்சு. உங்களுக்காக சராசரிப் பராமரிப்பு உதவியாளர்னு ஒரு பதவி உண்டாக்கியிருக்கேன். இங்கேயே இருங்க."

"இருந்து என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்ணே. யாராவது மேற்கோள் காட்டுற மாதிரி மட்டும் எதையும் எழுதிடாதீங்க. அது ஒண்ணுதான்."

ஏகாம்பரத்துக்கு நெஞ்சு எரிந்தது. தான் பிடித்து வந்து சேர்த்த எருமை, தன்னையே எருமையாக வைத்துக்கொள்கிறது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தபோது எதிரே ஏழாவது குச்சியில் ஈரம் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. வைகாசியில் அது ஏறக் கூடாது. ஏன் ஏறுகிறது?

"சரி தம்பி," என்றது.

அதன் பிறகு ஏகாம்பரத்துக்குச் சுற்றறிக்கை வரவில்லை. படிவம் வரவில்லை. பத்தில் ஒரு பங்கு மதிப்புள்ள ஆளைக் கூட்டத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? மாசிலாமணி மாநாடு மாநாடாகப் போய் மேடைகளில் படுத்துக் காட்டியது. அந்தக் கோடையில் காடு கண்டிராத வறட்சி. ஏழாவது குச்சிக்குக் கீழே ஏகாம்பரம் தோண்டியதில், இத்தனை வருடத்தில் வராத பெரிய ஊற்று வந்தது. எருமைக் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்று இயக்குநர் அறிக்கை விட்டது. ஏகாம்பரம் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை. எட்டாவது குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீதி: ஒவ்வொரு பெரிய எண்ணுக்கும் கீழே வகுத்துக்கொள்ள ஒரு மட்டமான ஆள் வேண்டும். அந்த இடம் கிடைத்தால் விட்டுவிடாதே. வேலை செய்ய நேரம் இருப்பது அங்கே மட்டும்தான்.