ஃபியூஸா, ஃபியூஸ்களா?

“ஏழாம் பக்கத்துல ஒருமைன்னு போட்டிருக்கு. பத்தொன்பதாம் பக்கத்துல பன்மைன்னு போட்டிருக்கு. நான் எதைங்க சார் கேக்கறது?”

அன்புக்கரசி கையேட்டில் இரண்டு இடத்தில் விரல் வைத்துப் பிரித்துக் காட்டினாள். விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் செய்யும் அந்தக் கம்பெனியின் சரக்கு விவரத்தையெல்லாம் புதிய மென்பொருளில் ஏற்றுவது அவள் வேலை. எந்தப் பட்டியலுக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று சொல்லத்தான் அந்தக் கையேடு. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கணினிக்கு அது வேறு பட்டியல்.

“ஒருமைதாம்மா. ‘ஃபியூஸ்’னு வையி,” என்றார் மேலாளர் ஆதிநாராயணன்.

வைத்தாள். பதினோரு மணிக்கு ஸ்டோர் பொறுப்பாளர் சாமிக்கண்ணு மூச்சிரைக்க வந்தார்.

“ஏம்மா, ரூமு முழுக்கச் சரக்கு இருக்குது. ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்லன்னு காட்டுது!”

அவர் பத்தொன்பதாம் பக்கத்தைப் படித்துவிட்டு ‘ஃபியூஸ்கள்’ என்று தேடிக்கொண்டிருந்தார்.

அன்புக்கரசி இரண்டு பெயரிலும் பட்டியல் போட்டாள். கணினியில் சரக்கு இருமடங்கானது. அதை நம்பி ஆதிநாராயணன் வேப்பூர் வியாபாரிக்கு வாக்குக் கொடுத்தார். வந்த லாரி பாதி காலியாகத் திரும்பியது.

தப்பு யாருடையது என்று ஆதிநாராயணனும் சாமிக்கண்ணுவும் சண்டை போட்டு, அன்று மதியம் தனித்தனியே சாப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரே மேஜையில், ஒருவர் குழம்பை மற்றவர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டவர்கள்.

“ஒண்ணு இருந்தா ஒருமை, நிறைய இருந்தா பன்மை. ரெண்டு பக்கமும் சரியாயிடும் சார்,” என்றாள் மறுநாள்.

இருவரும் வேறு வேறு திசையில் பார்த்தபடி தலையாட்டினார்கள்.

மூன்றாம் நாள் பெரிய ஃபியூஸ்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ‘பெரிய ஃபியூஸ்கள்’ பட்டியல் ‘பெரிய ஃபியூஸ்’ ஆகி, யார் தேடியும் அகப்படவில்லை. சாயங்காலம் அந்த ஒன்றும் விற்றுப்போனது.

“இப்ப ஒண்ணுமே இல்லியே. இதுக்கு என்ன பேருங்க வைப்பீங்க?” என்றார் சாமிக்கண்ணு.

“உங்க பேரை வைங்க!” என்றார் ஆதிநாராயணன்.

அதோடு பேச்சு நின்றது. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டே, “அவருகிட்ட சொல்லும்மா” என்று அவள் மூலம் பேசிக்கொண்டார்கள். அவர்கள் பிரிவுக்குத் தானே காரணம் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

நான்கு நாள் உட்கார்ந்து, முப்பத்திரண்டு பக்கத்துக்குப் புதிய கையேடு எழுதினாள். ஒவ்வொரு விதிக்கும் இருவரிடமும் தனித்தனியாகக் கெஞ்சிக் கையெழுத்து வாங்கினாள். வெள்ளிக்கிழமை, பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த பைண்டிங் கடையில் அதைக் கொண்டுபோய் வைத்தாள்.

கடைக்காரி வாசுகி தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்களே வந்துட்டீங்க, நல்லதுக்கா. போன மாசம் பைண்டிங் போடறப்ப உங்க புக்குல பாதியும் பக்கத்துக் கம்பெனி புக்குல பாதியும் மாறிப்போச்சு. பாவம், அவங்களும் நேத்துதான் சண்டை போட்டு ஓஞ்சு, இதே மாதிரி புதுசா ஒண்ணு எழுதி எடுத்துட்டு வந்தாங்க.”