பெண் வீட்டுக் கதவு ஒரு விரல் உயரம்

கல்யாணத்துக்கு முன்னால் மச்சானோடு சேர்ந்து எதையும் செய்யக் கூடாது. அதிலும் ஆளுக்கொரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு செய்யவே கூடாது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நிச்சயமாகியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் வெல்டிங் பட்டறைதான் தொழில். எங்களுடையது எடமலைப்பட்டி புதூரில், அவர்களுடையது திருவானைக்காவலில். கல்யாணம் நடக்கும் மாதா கோயிலுக்கு இரண்டு வீடும் சேர்ந்து இரும்புக் கேட் கொடுப்பதென்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். இடது கதவு நான். வலது கதவு ஸ்டெல்லாவின் அண்ணன் சேசுராஜ்.

கேட்டின் மேல்விளிம்பு லேசாக வளைந்து நடுவில் உயர வேண்டும். வளைவின் ஆரம் நாற்பது மீட்டர். கயிறு பிடித்து வரைய அவ்வளவு நீளமான பட்டறை யாரிடம் இருக்கிறது? கணக்குத்தான் வழி. ஒன்றிலிருந்து கோணத்தின் கோசைனைக் கழித்து ஆரத்தால் பெருக்கினால் உயரம் வந்துவிடும். என்னிடம் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கால்குலேட்டர் இருந்தது. (அதைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டுதான் பெண் பார்க்கவே போனேன்.) சேசுராஜிடம் மெட்ராஸில் வாங்கிய ஒன்று.

கல்யாணத்துக்கு முதல் நாள் கதவுகளை மாட்டி மூடினோம். நடுவில் அவன் கதவு என் கதவைவிட ஒரு விரல் உயரமாக நின்றது.

அங்கேயே நின்று இருவரும் மறுபடி தட்டினோம். இரண்டு கால்குலேட்டரும் தத்தம் பழைய விடையையே காட்டின.

"ஃபாரின் பெட்டி பொய் சொல்லாது மச்சான்."

"அப்ப என் பெட்டி என்ன நம்ம பக்கத்து ஜீயபுரத்துல செஞ்சதா மாப்ள?"

சின்னக் கோணத்தின் கோசைன் ஒன்றை ஒட்டியே நிற்கும். நாலாவது தசமத்தில் அந்தப் பெட்டிகள் சொன்ன குட்டிப் பொய்யை நாற்பது மீட்டர் பெருக்கி விரல் பருமனாக்கிவிட்டது. இதெல்லாம் அன்று யாருக்குத் தெரியும்?

என் அத்தைக்குக் கோசைனும் தெரியாது. நிமிர்ந்து பார்த்தாள். "பொண்ணு வீட்டுக் கதவு உசரம், நம்ம கதவு மட்டமா? வேணும்னே செஞ்சிருக்காங்க."

அவ்வளவுதான். இரண்டு வீட்டாரும் கேட்டின் இருபுறமும் அணிவகுத்துவிட்டார்கள். கல்யாணத்தையே தள்ளிப்போடலாமென்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. தன் கதவை அறுக்க அவன் சம்மதிக்கவில்லை, என் கதவில் ஒட்டுப்போட நான் சம்மதிக்கவில்லை. கடைசியில் பங்குச் சாமியார் பொறுமையிழந்தார்.

"கேட்டைத் தொறந்து போடுங்க. தொறந்து கிடந்தா எது உசரம்னு யாருக்கும் தெரியாது."

அப்படித்தான் கல்யாணம் நடந்தது. பின்னாளில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஏழு இலக்கக் கோசைன் அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு உயரமுமே தப்பு.

அந்தக் கேட்டை அதற்கப்புறம் மூடியதேயில்லை. ஆடுகள் உள்ளே புகுந்து பூச்செடிகளை மேய்கின்றன. வீட்டில் எந்தச் சண்டையிலும் ஸ்டெல்லா குரலை உயர்த்துவதில்லை. "எங்க பக்கம் ஒரு விரல் உசரம்ங்க" என்பாள். நான் அடங்கிவிட வேண்டும். பிள்ளைகள் அதைக்கூடச் சொல்வதில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.