ஒட்டும் முன் ஒரு கோட்டிங்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளும்படி நடந்தது ஒன்றே ஒன்றுதான். 2005-இல் மரக்காணத்தில், பிளாஸ்டிக் மாடல் படகின் பாகங்களை ஒட்டுவதற்கு முன்பே ப்ரைமரும் பெயிண்ட்டும் அடித்துவிட வேண்டும் என்ற பேருண்மையை, நிவாரணத் திட்ட அலுவலர் தட்சணாமூர்த்தி கண்டுகொண்டார்.

சுனாமியில் படகு இழந்தவர்களுக்காக வந்த ஃபைபர் படகுகள் அலுவலகத்தின் பின்புறம் வெயிலில் கிடந்தன. தூக்கிக்கொண்டு போகலாமா? அதெப்படி! மேடையில் கொடுத்து, போட்டோ எடுத்தால்தானே அது 'வழங்குதல்'. நிஜப் படகு மேடையில் ஏறாது. எனவே நிவாரணக் குழுத் தலைவர் கையால் கொடுக்க ஒரு மாடல் படகு, பாகம் பாகமாக, டப்பாவில் வந்திருந்தது. மாடல் தயாரானால் விழா, விழா முடிந்தால் படகு.

சுனாமியில் தன் படகு போனதிலிருந்து உப்பளத்தில் உப்புச் சுமக்கும் குழந்தைசாமி வாரம் தவறாமல் வந்து நிற்பார்.

"சார், பொம்மைய ஒட்டிட்டீங்களா?"

"பொம்மை இல்லப்பா, மாடல். ப்ரைமர் இன்னும் காயல."

"மழை புடிச்சா உப்பளத்துல வேலை நின்னுடும் சார். அதுக்குள்ள படகு கெடச்சா பொழச்சிப்பேன்."

"பெயிண்ட்ட அவசரப்படுத்த முடியுமா, சொல்லு?"

முடியாதுதான். உப்புக்காற்று வேறு சும்மா இருக்கவில்லை. ஈர ப்ரைமரில் உப்புப் பொடி ஒட்டும், உப்புத்தாளால் தேய்ப்பார்கள், மறுபடி அடிப்பார்கள். 'காற்றுத் தடுப்புத் துணைக்குழு' கூடி, நீண்ட விவாதத்துக்குப் பின் ஒரு கொசுவலை வாங்கத் தீர்மானித்தது. இதற்கிடையே கடலில் நெத்திலி வந்து போனது, இறாலும் வந்து போனது. பாவம், அவற்றுக்குப் பொறுமை கிடையாது.

டப்பாவோடு வந்த தாளில், ஒட்டும் ஓரங்களில் பெயிண்ட் படக்கூடாது என்று போட்டிருந்தது. தட்டச்சர் வைஜெயந்தி அதைப் படித்துக் காட்டினாள்.

"அவங்க ஊர்ல உப்புக்காத்து இல்லம்மா," என்றார் தட்சணாமூர்த்தி. "இங்க பெயிண்ட் படாத எடத்தையெல்லாம் துரு தின்னுடும்."

"இது பிளாஸ்டிக் சார்."

"இன்னைக்கு பிளாஸ்டிக். நாளைக்கு?"

அந்தத் தொலைநோக்கோடு ஓரங்களுக்குக் கூடுதலாகவே ஒரு கோட்டிங் அடித்தார். பிறகு பசை போட்டு ஒட்டினார். பசை பெயிண்ட்டைப் பெயிண்ட்டோடு ஒட்டியது, பிளாஸ்டிக்கை அது தொடவேயில்லை. இருந்தாலும் மேசைமேல் படகு கம்பீரமாக நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

விழா நாளும் வந்தது. சலவை வேட்டியில் வந்திருந்தார் குழந்தைசாமி. தலைவர் படகின் அடிப்பாகத்தைப் பிடித்து நீட்டினார். குழந்தைசாமி பயபக்தியோடு மேல்பாகத்தைப் பிடித்து வாங்கினார். மேல்பாகம் அவரோடு வந்துவிட்டது, அடிப்பாகம் தலைவர் கையிலேயே தங்கிவிட்டது. பளிச்சென்று போட்டோ எடுத்தார்கள்.

மறுவாரம் விசாரணைக் கூட்டம் நடந்தது. தலைவர் மீது தவறு இருக்க முடியாது, அவர் தலைவர். ப்ரைமர் மீதும் இருக்க முடியாது, அது கொள்கை. ஆழ்ந்து யோசித்து ஒருமனதாக முடிவெடுத்தார்கள். குழந்தைசாமியை அழைத்து, தட்சணாமூர்த்தியே வாஞ்சையோடு விளக்கினார்.

"நீ பாதிப் படகு வாங்கிட்டேப்பா. ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ நிவாரணம் தர ரூல் இல்ல. பின்னாடி நிக்குற உன் படகு அடுத்த லிஸ்ட்டுக்குப் போயிடுச்சு."

"நான் எங்க சார் வாங்கினேன்?"

"போட்டோ இருக்குதே." பிரேம் போட்ட படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

வெளியே மழை பிடித்திருந்தது. குழந்தைசாமி படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"மொத படகு போனப்ப யாருமே போட்டோ புடிக்கல சார். இந்தப் படகு போறப்பதான், படக எடுத்துக்கிட்டவன் மூஞ்சி தெரியுற மாதிரி புடிச்சிருக்கீங்க."