ஆயிரத்து நானூறு ஜி.எஸ்.எம். ரொட்டி

ஜி.எஸ்.எம். என்ற மனிதருடன் நான் உணவு விடுதிகளின் படியேறத் தொடங்குவதற்கு முன்பு, திருப்பூர் ராயபுரத்தில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. கோவையில் ஆங்கில இலக்கியம் முதுகலை படித்தவன். ஒரு பெரிய பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் நிர்வாக மேலாளர். வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பேனா என்னுடையது. நான் விடுதிக்குள் நுழைந்தால் சப்ளையர் கேட்காமலேயே மேசையைத் துடைப்பார். அந்த மரியாதையை மூன்றே வாரங்களில் கந்தலாக்கிய பெருமை ஜி.எஸ்.எம்.மையே சாரும். குறை காண்பதற்கென்றே பிறந்த அப்படியொருவரை இந்த உலகம் அதற்கு முன் கண்டதில்லை.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருந்தது. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைத் தொழிலில் ஜி.எஸ்.எம். என்பார்கள். அதைப் பார்க்க ஒரு கட்டர் உண்டு. டப்பா போன்ற அதைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் உள்ளங்கையளவு வட்டம் வெட்டுப்பட்டு வரும்; அதைத் தராசில் நிறுத்து, வந்த கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். தெரிந்துவிடும். எங்கள் செக்கிங் பகுதியின் பொறுப்பாளரான அவர், கட்டரையும் கைத்தராசையும் ஒரு தோல்பையில் போட்டு, கோயிலுக்குப் போனாலும் தூக்கிக்கொண்டு போவார். மைத்துனன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியிலேயே வட்டம் போட்டுவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை முழுமையாக நம்புகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஆண்டுகள் அவை. மெக்சிகோவிலிருந்து ஒரு பெண்மணி, ஆர்டர் தருவதற்கு முன் ஆலையை நேரில் பார்க்க வருவதாக எழுதியிருந்தார். முதலாளி எல்லோரையும் கூட்டினார்.

"வர்ற அம்மாவுக்கு அவங்க ஊருச் சோத்தையே போட்டு அசத்திப்போடோணுங்க. நம்மாளுக யாராச்சும் அதைத் தின்னிருக்கீங்களா?"

அறையில் ஒரே அமைதி. படித்தவன் என்று பெயரெடுத்தவனால் அப்படிப்பட்ட அமைதியைத் தாங்க இயலாது. "பம்பாயில் சாப்பிட்டிருக்கிறேன்" என்றேன். உண்மையில் நடந்தது வேறு. பம்பாயில் அத்தகைய விடுதி ஒன்றின் வாசலில் நின்று பெயர்ப்பலகையைப் படித்தேன். பிறகு நம்மவர்கள் வாழும் மாதுங்காவுக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

"அப்பப் பொறுப்பு உங்குளுதுங்க சார். நம்மூர்ல எங்க நல்லாக் கிடைக்குதுன்னு பாருங்க. ஜி.எஸ்.எம்.மையும் கூட்டிக்குங்க. அவரு பாஸ் பண்ணிட்டா அப்பறம் ஆண்டவனே வந்தாலும் ரிஜெக்ட் பண்ண முடியாதுங்க."

அந்தப் பெண்மணி ஒரு வாய் தின்று முகம் சுளித்தால், என் பம்பாய் அம்பலமாகும். முப்பது வருடங்களாகக் கஞ்சி போட்டுக் காத்த மானம் அது.

முதலில் போனது அவிநாசி சாலையில் புதிதாகக் குளிர்சாதனம் வைத்த விடுதிக்கு. மெனு அட்டையில் சைனீசுக்கும் செட்டிநாட்டுக்கும் நடுவே மெக்சிகோவுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். வந்ததோ, பனீர் மசாலாவை உள்ளே வைத்து மடித்த சப்பாத்தி. மேலே சாஸும் சீஸும். ஜி.எஸ்.எம். சீஸை வழித்துவிட்டு, சப்பாத்தியைப் பிரித்து, பையிலிருந்து எடுத்த ரப்பர் அட்டையின்மேல் விரித்துக் கட்டரைத் திருகினார். பக்கத்து மேசையில் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் குடும்பத்தோடு அமர்ந்திருந்தார். நான் மெனு அட்டைக்குப் பின்னால் மறைந்தேன்.

"பதினாலு கிராமுங்க சார். ஆயிரத்து நானூறு ஜி.எஸ்.எம்.! பவானி ஜமக்காளங்கூட இத்தனை வராதுங்க."

சப்ளையர் தென்மாவட்டத்துக்காரர். தட்டில் வளையமாய் எஞ்சியிருந்ததை உற்றுப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி இது? புடிக்கலன்னா வாயால சொல்லுங்க. ஓட்டை போட்டா எப்படி?"

"ஏனுங்க, இது எந்த ஊரு ரொட்டிங்க?"

"மெக்சிகன்தான். மேல சீஸ் கெடந்துச்சுல்லா?"

"சீஸ் வெச்சா மெக்சிகோங்களா? அப்ப எங்கூட்டு ராயிக் களிமேல வெச்சா அதும் மெக்சிகோவுங்களா?"

"களியைக் கொண்டாங்க அண்ணாச்சி, எங்க மாஸ்டர் வச்சுத் தருவாரு."

அடுத்து ஒரு பேக்கரியில் மெக்சிகன் பப்ஸ். முட்டை பப்ஸுக்குள் ஒரு துண்டு குடைமிளகாய். இன்னோரிடத்தில் மெக்சிகன் ரைஸ். மீந்துபோன பிரைடு ரைஸின் தலையில் ராஜ்மா. திருப்பூர் விடுதிக்காரர்களைப் பொறுத்தவரை மெக்சிகோ என்பது ஒரு நாடன்று, குடைமிளகாய் விளையும் ஏதோ ஒரு தோட்டம். ஜி.எஸ்.எம். எல்லாவற்றையும் நிறுத்தார், அளந்தார், ரிஜெக்ட் என்று எழுதினார். சாஸில் நனைத்த துணித்துண்டை ஆலைக்குக் கொண்டுவந்து, சாயம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியில் வைத்தும் பார்த்தார். ஊரில் என்னைக் கண்டவர்கள், "என்னங்க சார், எலிமெண்டரி ஸ்கூல் பசங்க மாதிரி ரொட்டில வட்டம் வெட்டறீங்களாமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

"ஒரிஜினல் சாம்பிள் இல்லாம நான் எதை வெச்சுங்க பாஸ் பண்றது?" என்றார் அவர். "சார் பம்பாயில சாப்பிட்டதுதான் நமக்கு ஒரிஜினல். மெல்லிசுங்களா, தடியுங்களா?"

"தடிதான்" என்றேன். குறித்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து வேறொரு விடுதியில் மறுபடியும் கேட்டார். "காகிதம்போல மெல்லிசு" என்றேன். அவர் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். என்னை ஒரு தரம் பார்த்தார். எதையும் எழுதாமல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதன்பிறகு பம்பாயைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவே இல்லை.

கேட்காமல் அவர் செய்த காரியம், பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து கட்டுக் கட்டாகப் பிரிண்ட் எடுத்ததுதான். பிறகு பல்லடத்துக் கோழிப்பண்ணை ஒன்றிலிருந்து அரை மூட்டை மக்காச்சோளத்தோடு வந்தார்.

"கடையில தேடற வேலை முடிஞ்சுதுங்க சார். மக்காச்சோளத்துல செய்ய வேண்டியதை அத்தனை பேரும் மைதாவுல செய்யறானுங்க. நூலே தப்பா இருக்கறப்பத் துணியைப் பாத்து என்னங்க பண்றது?"

செக்கிங்குக்கு வருமுன் சாயப்பட்டறையில் இருந்தவர். சமையலையும் அந்தக் கணக்கில்தான் பேசினார். சோளத்தின் எடைக்கு ஒரு பர்சென்ட் சுண்ணாம்பு, நாற்பது நிமிடம் கொதி, பன்னிரண்டு மணி நேரம் ஊறல், நாலு தண்ணீர் வாஷ். நான் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி கிரைண்டரின் முன் நின்று பொருமிக்கொண்டிருந்தார்.

"கோழித் தீனியைக் கொண்டாந்து அந்தம்மாளுக்குப் போடறாராமா! நீங்களாச்சும் சொல்லுங்க சார். பம்பாயில தின்னவருதானுங்களே?"

"சாரைத் தொந்தரவு பண்ணாத" என்றார் ஜி.எஸ்.எம்., என் முகத்தைப் பாராமலேயே.

மாவை வட்டமாக அழுத்த, லேபிள் ஒட்டும் பிரஸ் மெஷினைச் சூடு போடாமல் ஓட்டினார். புதுப் பாலிபேக்குகளுக்கு நடுவே உருண்டைகளை வைத்து அழுத்தினால் அச்சில் வார்த்தாற்போல வந்தன. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று அந்தப் பைகளில் அச்சிட்டிருந்தது. மிகச் சரியான எச்சரிக்கை என்று நினைத்தேன். செக்கிங் பெண்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். "அண்ணா, பேக்கிங்கும் நாங்கதானுங்களா? சைஸ் ஸ்டிக்கர் எம்மா, எல்லுங்களா?"

அந்தப் பெண்மணி வந்தார். காலை முழுவதும் சட்டைகளை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்த முகத்தில் ஒரு கோடு இளகவில்லை. மதிய உணவுக்கு விருந்தினர் அறையில் அமர்ந்தோம். முதலாளி தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என்னைக் காட்டி, பம்பாயில் உங்கள் உணவைச் சாப்பிட்டுப் பழகியவர் என்றார். அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பி, அங்கே ரொட்டியை எந்த மாவில் செய்திருந்தார்கள், எந்த ஊர்ப் பக்குவம் என்று விசாரித்தார்.

முதுகலைப் பட்டம் என்னைக் கைவிட்டது. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்!" என்றொரு குரல். தட்டு ஏந்தி நின்ற ஜி.எஸ்.எம். "சார் டோல்ட். சார் டோல்ட் மெய்ஸ். சார் டோல்ட் லைம். மீ ஒன்லி ப்ரொடக்‌ஷன்."

அந்தப் பெண்மணி ரொட்டியை எடுத்து முகர்ந்தார். மடித்தார், விரிசல் விடவில்லை. ஒரு வாய் தின்றார். கோழிக்கறியை ஒதுக்கிவிட்டு, அடுத்ததை உப்பு மட்டும் தொட்டுத் தின்றார். நாலாவது ரொட்டிக்குக் கை நீட்டியபோது ஜி.எஸ்.எம். சிறிதும் கூச்சமின்றி சட்டை மாதிரிகளுக்கு ஒப்புதல் எழுதி வாங்கும், நூல் கோத்த சாம்பிள் அட்டையை அவர் முன்னால் வைத்தார். அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, அப்ரூவ்டு, இன்னும் சற்று மெல்லிசாக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"கமெண்டு கரெக்டுதானுங்க சார்" என்று என்னிடம் அட்டையை நீட்டினார் ஜி.எஸ்.எம்.

ஆர்டர் வந்தது. என் மரியாதையும் முன்னைவிடப் பெருத்துத் திரும்பி வந்தது. அதன்பின் எத்தனையோ பேர் ஜி.எஸ்.எம். முன்னிலையிலேயே என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். அவர் ஒருமுறைகூட மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றுச் சோமனூர்ப் பக்கம் போய்விட்டார்.

திருப்பூரில் முதன்முதலாக மெக்சிகோ ரொட்டி செய்யச் சொல்லிக்கொடுத்தவர் என்று எங்கள் சங்க மலரில் என் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அது தவறு. சோளம், சுண்ணாம்பு, பிரஸ் மூன்றும் ஜி.எஸ்.எம்.முடையவை. நான் மெக்சிகோ உணவை முதன்முதலாகச் சாப்பிட்டது அன்று, அவர் கையால். அவருக்கு நான் எதையும் சொல்லித் தரவில்லை. நன்றிகூடச் சொல்லவில்லை.