நானே கெடுத்த மோட்டார்

மாமியார் பத்து நாள் தங்க வருகிறார் என்று கேட்டதுமே சபதம் எடுத்துவிட்டேன். இந்தத் தடவை வரவிடப் போவதில்லை! அவர் வந்தால் சாய்வு நாற்காலி எனக்கில்லை, ரிமோட் எனக்கில்லை. ஒரு தும்மல் போட்டால்கூட, "மாப்பிள்ளை வேணும்னே தும்மறாரா?" என்று விசாரணை நடக்கும். இதை மனைவியிடம் நேராகச் சொல்லலாம்தான். சொல்லிவிட்டு நான் எங்கே போய்த் தங்குவது? அதனால் என் வீரத்தைக் கிணற்று மோட்டாரிடம் காட்டினேன்.

மோட்டாரின் தலையில் ஒரு திருகு மூடி உண்டு. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், உள்ளே காற்று புகுந்துவிடும். மோட்டார் சத்தம் போட்டுத் தெருவையே கூட்டும். தண்ணீர் மட்டும் சொட்டாது. வேலையை முடித்து, ஸ்பேனரை சோபா மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

"ஏங்க! மோட்டார் ஓடுது, தண்ணி வரலை!"

சாவகாசமாகப் போனேன். குழாயைப் பிடித்து நாடி பார்த்தேன். மோட்டாரில் காதை வைத்து உம் கொட்டினேன்.

"கரண்ட் சரியா இருக்கு. கிணத்துலயும் தண்ணி இருக்கு. அப்போ ஃபுட்வால்வுதான் போச்சு."

"அது என்ன?"

"கிணத்துக்குள்ள, குழாயோட அடி முனையில இருக்கும். ஏறின தண்ணி திரும்ப இறங்கிடாம பிடிச்சுக்கும். புதுசு வர பத்து நாள் ஆகும்."

"கரெக்டா பத்து நாளா?"

"முன்னே பின்னே ஆகலாம். பாவம், அம்மா எதுக்கு வந்து கஷ்டப்படணும்? அடுத்த தடவை வரச் சொல்லேன்."

என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த கிரீஸை ஒரு பார்வை பார்த்தாள். போனை எடுத்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளுகுளு.

"அம்மா, மோட்டார் ரிப்பேரும்மா... சேச்சே, நீ கவலைப்படாம வா. உன் மாப்பிள்ளையே கையால இறைச்சுத் தர்றேன்னுட்டார்!"

மதியமே வந்து இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து கயிறும் வாளியும் நானும்தான். "மாப்பிள்ளை, தலைக்கு ஊத்த இன்னும் ரெண்டு வாளி!" "மாப்பிள்ளை, செடியெல்லாம் வாடுது பாருங்க!" அவர் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் செடி இருந்ததே எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மானம் போனால் போகட்டும், நானே சரிசெய்துவிடலாம் என்று ஸ்பேனரோடு பதுங்கிப் பதுங்கிப் போனேன். மூடி ஏற்கெனவே இறுக்கமாக இருந்தது! ஸ்விட்சைப் போட்டேன். மூச்சு பேச்சில்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், உள்ளே பொக்கை வாய் மாதிரி காலியிடம்.

"இதைத் தேடறீங்களா?" பின்னால் மனைவி. கையில் ஃபியூஸ்.

"மூடியை... நீயா?"

"மொத நாளே ஒரு சொம்பு தண்ணி ஊத்தி முறுக்கிட்டேன். போன தடவை மெக்கானிக் வந்தப்போ பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சது யாராம்?"

"தப்புதான் தாயே! கால்ல விழறேன், அதைக் குடு."

"அம்மா கிளம்பற அன்னைக்குத் தர்றேன்."

மனதைத் தேற்றிக்கொண்டேன். "சரி, இன்னும் ஏழு நாள்தானே?"

"பத்து நாள்னுதான் வந்தாங்க. நீங்க இறைக்கற தண்ணி உடம்புக்கு அவ்வளவு ஒத்துக்குதாம். அவங்க வீட்டை இன்னிக்குக் காலையிலதான் வாடகைக்கு விட்டாங்க!"